அப்படியே இருக்கும் வரிதான் காலை வாரும்

ஒரு நிரலை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுகிறீர்கள். அதில் நொடிக்கணக்கை நாள்கணக்காக்கும் வரி ஒன்று. பைத்தானில் 86400-ஐ வைத்து இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் முடிந்தது. கணினி நேரத்தை எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1 சுழியாம் நாள். அதற்கு ஒரு நொடி முன்னால், அதாவது −1 நொடி, −1ஆம் நாளில் விழும். சரியான விடை. இதை ஜாவாவுக்குக் கொண்டுபோகிறவர் இரட்டைச் சாய்கோட்டை ஒற்றையாக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இரண்டு பக்கமும் முழு எண், நடுவில் வகுத்தல். நிரலைப் படித்து இயந்திரத்துக்கு மாற்றித் தரும் கம்பைலர் வாயே திறக்காது. ஆனால் ஜாவாவில் −1-ஐ 86400-ஆல் வகுத்தால் 0 வரும். 1970-க்கு முந்தைய எந்த நேரமானாலும், அது சரியாக யூடிசி (உலகப் பொது நேர) நள்ளிரவாக இல்லாதவரை, ஒரு நாள் தள்ளிக் காட்டும். டெஸ்டில் போட்ட தேதிகளெல்லாம் 2000-க்குப் பிறகு என்றால் எல்லாம் பச்சை. வயதானவர்களின் பிறந்த தேதி உள்ளே வரும் அன்றுதான் குட்டு உடையும்.

காரணம் எளிது. பைத்தானின் முழு எண் வகுத்தல் கீழ்நோக்கிப் போகும். சி, ஜாவா, கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளெல்லாம் சுழியை நோக்கி வெட்டும். கூடவே மீதியும் மாறும். −7-ஐ 3-ஆல் வகுத்த மீதி பைத்தானில் 2, மற்ற நான்கிலும் −1. மீதியை வைத்து ஓர் அர்ரேயை (மதிப்புகளின் வரிசையை) சுற்றிச்சுற்றி வருகிற நிரலாக இருந்தால், ஜாவா பிழை எறிந்து நிற்கும். சி அர்ரேக்கு முன்னால் இருக்கிற நினைவகத்தைச் சத்தமில்லாமல் படிக்கும். ஜாவா 8-லிருந்து இதற்கென்றே ஃப்ளோர்டிவ், ஃப்ளோர்மாட் என்று இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. பைத்தானிலிருந்து வருகிற ஒவ்வொரு வகுத்தலையும் மீதியையும் முதலில் அவற்றுக்கு மாற்றிவிட்டு, எண் எதிர்மமாக வாய்ப்பே இல்லை என்று உறுதியான இடத்தில் மட்டும் சாதாரணக் குறிக்குத் திரும்புவது நல்லது.

ஒரு நிரலை மொழி மாற்றும்போது பலரும் பயப்படுவது கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரியும் பகுதிகளைப் பார்த்துத்தான். நினைவகத்தை யார் எப்போது தொடலாம் என்ற ரஸ்டின் கடன் விதிகள், பிழையை எறிந்து பிடிக்கும் எக்செப்ஷன் கோ மொழியில் இல்லாதது, பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பு சி-யில் இல்லாதது. அவை வேலை வாங்கும், உண்மைதான், ஆனால் ஏமாற்றாது. தவறாக எழுதினால் பெரும்பாலும் கம்பைலரோ முதல் ஓட்டமோ கத்திவிடும். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி தெரிந்து, பொருளில் மட்டும் வேறாகிற வரிதான் ஆறு மாதம் கழித்துக் காலை வாருகிறது.

அதனால்தான் மொழி மாற்றுவதையும் நிரலைச் சீர்திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. பழைய நிரல் அசிங்கமாக இருக்கும், கை அரிக்கும். "எப்படியும் தொடுகிறோம், இந்த ஃபங்ஷனை நான்காகப் பிரித்துவிடலாமே" என்று தோன்றும். பிரித்த பிறகு விடை மாறினால், தப்பு பிரித்ததிலா மொழி மாற்றியதிலா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. முதல் சுற்றில் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன், பெயருக்குப் பெயர், பழைய பக் உட்பட, அப்படியே. அழகெல்லாம் இரண்டாம் சுற்றில்.

கோ மொழியின் சொந்தக் கம்பைலரே இப்படித்தான் மாறியது. அதுவரை சி-யில் இருந்த கம்பைலரை, அதற்கென்று எழுதிய ஒரு கருவியை வைத்து இயந்திரமாகவே கோவுக்கு மாற்றினார்கள். 2015 ஆகஸ்டில் வந்த கோ 1.5 அதன் விளைவு. அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலேயே, கம்பைல் ஆகிற நேரம் சுமார் இரண்டு மடங்காகிவிட்டது, தானியங்கி மாற்றத்தில் வந்த நிரல் கோ நடைக்கு ஒட்டாமல் மெதுவாக ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தே ஏற்றுக்கொண்ட விலை அது. முதலில் சரியாக ஓடட்டும், வேகத்தைப் பிறகு மீட்கலாம் என்று முடிவு செய்தார்கள். டைப்ஸ்கிரிப்ட் மொழியின் கம்பைலரைக் கோவுக்கு மாற்றுவதாக மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் அறிவித்தபோதும் அதே தர்க்கம்தான். புதிதாக எழுதவில்லை, இருப்பதைப் பெயர்க்கிறோம் என்றார்கள். பழைய நிரலின் அமைப்பு சிதையாமல் வந்து உட்காரக்கூடிய மொழியாகப் பார்த்து எடுத்தார்கள். ஒன்றையொன்று சுற்றிச் சுட்டும் தரவு அமைப்புகள் நிறைந்த நிரலை ரஸ்டுக்குக் கொண்டுபோவதென்றால் வடிவத்தையே மாற்ற வேண்டியிருக்கும்; குப்பை சேகரிப்பு உள்ள மொழியில் அந்தத் தொல்லை இல்லை. இலக்கு மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது "எது வேகம்" என்பதோடு "எதில் என் நிரல் வடிவம் மாறாமல் நிற்கும்" என்றும் கேட்டே ஆக வேண்டும்.

ஒரு வரி மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய நிரலின் வாயைக் கட்டிப்போட வேண்டும். அதாவது, இன்ன உள்ளீட்டுக்கு இன்ன வெளியீடு என்று பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இங்கே செல்லாது. நிரல் என்ன சொல்கிறதோ அதுவே சட்டம். உள்ளீடுகளில் பாதி உண்மையான பயன்பாட்டிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். மீதியை வேண்டுமென்றே ஓரங்களிலிருந்து எடுங்கள்: 0, −1, காலி ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்), ஒரே ஓர் உறுப்புள்ள பட்டியல், 2147483647, பிப்ரவரி 29, 1969-இல் ஏதாவது ஒரு மாலை நேரம்.

பதிவு செய்யும்போது பலர் கோட்டை விடுவது தசம எண்களில். 64 பிட் மிதவை எண்ணை (கணினி தசம எண்களை வைக்கும் வடிவம்) 6 இலக்கத்தில் அச்சடித்து ஒப்பிட்டால் வித்தியாசம் மறைந்துபோகும். 17 பொருளுள்ள இலக்கங்கள் அச்சடித்தால்தான் அந்த எண்ணை ஒரு பிட் மாறாமல் திரும்பப் பெற முடியும். ஒப்பிடும்போது முழு எண்ணும் ஸ்ட்ரிங்கும் துளி மாறாமல் பொருந்த வேண்டும். மிதவை எண்களுக்கு மட்டும் சார்பு வித்தியாசம் (எண்ணின் அளவோடு ஒப்பிட்ட வித்தியாசம்) 10-இன் அடுக்கு −12 என்ற அளவில் தொடங்கி, தேவைப்பட்டால் காரணம் தெரிந்த பிறகு தளர்த்தலாம். காரணம் தெரியாமல் தளர்த்துவது, ஜுரம் தெரியக் கூடாது என்று தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. நியாயமான காரணங்கள் சில உண்டு: கூட்டும் வரிசை மாறியிருக்கலாம், சைன், எக்ஸ்பொனென்ஷியல் போன்றவை லைப்ரரிக்கு லைப்ரரி கடைசி பிட்டில் வேறுபடலாம், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் சேர்த்துச் செய்யும் பிராசசர் இடையிலிருக்கும் வட்டமாக்கலை விட்டுவிடலாம்.

இறுதி விடையை மட்டும் பதிவு செய்தால் போதாது. நான்கைந்து இடைநிலைகளிலும் மதிப்புகளைக் கொட்டி வையுங்கள். விடை பொருந்தாதபோது எந்த நிலையில் முதலில் பிரிந்தது என்று பார்த்தால், 3000 வரியில் தேட வேண்டியது 60 வரியாகச் சுருங்கிவிடும். மாற்றும் வரிசையும் இதற்கு ஏற்றபடி அடியிலிருந்து மேலே போக வேண்டும். யாரையும் அழைக்காத ஃபங்ஷன்கள் முதலில், அவற்றை அழைப்பவை அடுத்து.

எண்களுக்கே திரும்பி வருவோம், அங்கேதான் கண்ணிகள் அதிகம். பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது. ஜாவாவின் முழு எண் வகையான இன்ட் 32 பிட்டைத் தாண்டினால் எதிர்முனைக்குச் சுற்றிக்கொள்ளும். சி-யில் குறியுள்ள எண் எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்று மொழி வரையறுக்கவே இல்லை. ரஸ்ட் டீபக் பில்டில் பேனிக் ஆகி நின்றுவிடும், ரிலீஸ் பில்டில் இயல்பாகச் சுற்றிக்கொள்ளும். ஜாவாவின் ஸ்ட்ரிங் ஹாஷை, அதாவது ஒரு சொல்லை ஓர் எண்ணாகச் சுருக்கும் கணக்கை, பைத்தானுக்குக் கொண்டுபோவதை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பதை 31-ஆல் பெருக்கு, அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டு, அவ்வளவுதான் சூத்திரம். சிறிய ஆங்கில எழுத்துகளில் 5 எழுத்துச் சொல் வரை இரண்டு மொழியும் ஒரே எண்ணைத் தரும். 6ஆவது எழுத்தில் பிரிந்துவிடும். முதல் எழுத்து "ஏ"-வாகவே இருந்தாலும் அதன் எண் 97. அதை 31-இன் 5ஆம் அடுக்கால் பெருக்கினால் 277 கோடியைத் தாண்டும், இன்டின் எல்லையோ சுமார் 214 கோடி. ஐந்தெழுத்துச் சொற்களை வைத்து டெஸ்ட் எழுதியவருக்கு இது தெரியவே தெரியாது. சரிசெய்ய, ஒவ்வொரு அடியிலும் 2-இன் 32ஆம் அடுக்கால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் எண் 2-இன் 31ஆம் அடுக்கையோ அதற்கு மேலோ தொட்டிருந்தால் 2-இன் 32ஆம் அடுக்கைக் கழிக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு விதம். அதன் சாதாரண எண் எல்லாமே 64 பிட் மிதவை. 9007199254740991 வரைதான் முழு எண் பத்திரம். சர்வரிலிருந்து 9007199254740993 என்று ஓர் அடையாள எண் வந்தால், 9007199254740992 என்று வாங்கிக்கொண்டு எந்தப் புகாரும் சொல்லாமல் அடுத்த பயனரின் கணக்கைத் திறந்து காட்டும். அடையாள எண்களை ஸ்ட்ரிங்காகவே அனுப்புங்கள். அவற்றை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை.

வட்டமாக்கலும் அப்படியே. 2.5-ஐ வட்டமாக்கினால் பைத்தானும் (3ஆம் பதிப்பு) சி ஷார்ப்பும் 2 என்கின்றன, ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 3 என்கின்றன. −2.5-க்கு ஜாவா −2 தரும், சி −3 தரும். ஃபங்ஷனின் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அறிவியல் கணக்குகளை மேட்லாபிலிருந்து பைத்தானுக்கு மாற்றுகிறவர்களுக்குத் திட்டவிலக்கம் ஒரு நல்ல பாடம். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களைக் கொடுங்கள். சராசரி 5, விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் 32. பைத்தானின் கணித லைப்ரரியான நம்பை அதை 8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2 என்கிறது. மேட்லாப் 7-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2.138 என்கிறது. பாண்டாஸ் என்ற இன்னொரு லைப்ரரி பைத்தானிலேயே இருந்தாலும் மேட்லாப் பக்கம். யாரும் தப்பில்லை, யாரும் ஒன்றில்லை.

இன்டெக்ஸ் 1-இல் தொடங்குகிறதா 0-இல் தொடங்குகிறதா என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே கவனம் தப்பும். மேட்லாபில் 3 முதல் 7 வரை என்று வெட்டினால் 7 உள்ளடக்கம். பைத்தானில் கடைசி எண் சேராது. ஆகவே தொடக்கத்தில் மட்டும் 1 கழித்து, முடிவை அப்படியே விட வேண்டும்: 2 முதல் 7. இரண்டிலும் கழிப்பவர்கள்தான் அதிகம். அதைவிட மோசமானது, இன்டெக்ஸாகவும் மதிப்பாகவும் ஒரே வேரியபிள் வேலை பார்ப்பது. லூப் எண் மாதத்தின் எண்ணாகவும் இருந்தால், 0 முதல் 11 என்று மாற்றிய கணமே கணக்கில் டிசம்பர் 11 ஆகிவிடும். இரண்டு வேரியபிளாகப் பிரித்துவிடுங்கள்.

ஃபோர்ட்ரானிலிருந்தும் மேட்லாபிலிருந்தும் வரும் நிரல்களில் "கிடைக்கவில்லை" என்பதற்கு 0 வைத்திருப்பார்கள். அங்கே இயல்பாக 0ஆம் இடம் கிடையாது என்பதால் அது நியாயம். பைத்தானில் 0 முதல் இடம். −1 வைத்தாலும் தப்பவில்லை. பைத்தானுக்கு −1 என்றால் கடைசி உறுப்பு. இடப்பக்கத்து அண்டை உறுப்பைப் பார்க்கும் லூப் ஒன்று, தொடக்கத்தில் எல்லை மீறிப் போய், பட்டியலின் வால் மதிப்பை எடுத்துக்கொண்டு அமைதியாகக் கணக்கை முடித்துவிடும். மேட்லாப் அங்கேயே நின்றிருக்கும். பழைய மொழி போட்டுக்கொண்டிருந்த சத்தத்தைப் புதிய மொழி விழுங்கிவிடுகிறது, அதைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இதோடு நகலா காட்சியா என்ற சிக்கலும் உண்டு. மேட்லாபில் அணியின் ஒரு துண்டை எடுத்து வேறு பெயர் வைத்து மாற்றினால் மூலம் மாறாது. நம்பையில் துண்டு என்பது அதே நினைவகத்தின் மேல் வைத்த ஜன்னல். துண்டை மாற்றினால் மூலமும் மாறும். முதல் சுற்றில் எல்லாத் துண்டுக்கும் காப்பி எடுத்துவிட்டு, பொருந்திய பிறகு தேவையற்ற காப்பிகளை நீக்குங்கள். ஃபோர்ட்ரான், மேட்லாப், ஆர் மூன்றும் அணியை நெடுவரிசையாகச் சேமிப்பவை. சி-யும் நம்பையின் இயல்பு அமைப்பும் கிடைவரிசை. உள் லூப்பையும் வெளி லூப்பையும் மாற்றிப் போடாவிட்டால் விடை சரியாகத்தான் இருக்கும், ஆனால் பெரிய அணிகளில் பிராசசரின் கேஷ் நினைவகம் வீணாகி நிரல் தவழும்.

ஸ்ட்ரிங்குகளுக்கு வேறெங்கும் போக வேண்டாம், "தமிழ்" என்ற சொல்லே போதும். அதன் நீளம் எவ்வளவு? பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 5 என்கின்றன: த, ம, இகர உயிர்மெய்க்குறி, ழ, புள்ளி. கோவும் ரஸ்டும் 15 என்கின்றன, ஏனென்றால் அவை எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையின் பைட்டுகளை எண்ணுகின்றன, தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஸ்விஃப்ட் மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதுபோல் 3 என்கிறது. "பெயர் 20 எழுத்துக்கு மேல் கூடாது" என்ற ஒரு சரிபார்ப்பு மொழி மாறும்போது மூன்று வெவ்வேறு விதியாகிவிடுகிறது என்று அர்த்தம். கோ மொழியில் 20ஆம் பைட்டில் வெட்டினால் ஏழாவது குறியின் நடுவில் கத்தி விழும், திரையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கும். ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்ட் எழுதுகிறவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது. இமோஜிக்கு வந்தால் பைத்தானும் ஜாவாவும்கூடப் பிரிந்துவிடும்: பெரும்பாலும் முதலாவது 1 என்னும், இரண்டாவது 2.

எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை நகலெடுத்து ஒட்டுவதும் இந்த வகைதான். இலக்கத்தைக் குறிக்கும் குறி பைத்தான் 3-இல் ௧, ௨ போன்ற தமிழ் எண்களையும் பிடிக்கும். "௧௨" என்பதை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 12 என்று கொடுக்கவும் செய்யும். ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் 9 வரை மட்டுமே. கோவின் உள்ளமைந்த லைப்ரரியில் முன்பின் பார்க்கும் வசதியும், முன்பு பிடித்ததைத் திரும்பச் சுட்டும் வசதியும் கிடையாது. குறையல்ல, எந்த உள்ளீட்டுக்கும் நேரம் வெடிக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே விட்டது. அந்த இடங்களில் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறிய பார்சர் ஒன்றைக் கையால் எழுதுவது ஒரு வழி.

வரிசையைப் பற்றிச் சுருக்கமாக. பைத்தான் 3.7 முதல், பெயரும் மதிப்புமாகச் சேமிக்கும் டிக்ஷனரி, சேர்த்த வரிசையைக் காப்பாற்றும். கோவின் மேப் வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கலைத்துக் கொடுக்கும். ஜாவாவில் சேர்த்த வரிசை வேண்டுமென்றால் லிங்க்ட்ஹாஷ்மேப். பைத்தானின் சார்ட் (அடுக்கும் ஃபங்ஷன்) சமமானவற்றின் முன்பின்னை மாற்றாது. சி பிளஸ் பிளஸின் சாதாரண சார்ட்டுக்கு அந்த உறுதி இல்லை, நிலையான சார்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் எதுவும் சொல்லாமல் 10, 9, 1-ஐ அடுக்கச் சொன்னால் 1, 10, 9 என்று ஸ்ட்ரிங்காக அடுக்கும்.

கோபோல் என்ற பழைய வணிக மொழியில் எழுதிய நிரல்களை ஜாவாவுக்கு மாற்றுவது தனி உலகம். அங்கே பணம் மிதவை எண்ணில் இருப்பதில்லை, தசம இலக்கங்களாகவே இருக்கும். காம்ப்-3 என்ற அமைப்பில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரைப் பைட்டில் குறி. 12345.67 என்ற தொகைக்கு 7 இலக்கமும் ஒரு குறியுமாக 4 பைட். புள்ளி எங்கே என்பது கோப்பில் இருக்காது. நிரலின் தரவுப் பகுதியில் மட்டுமே இருக்கும். அந்த அறிவிப்பு கைவசம் இல்லாமல் கோப்பைப் படிப்பவருக்கு 1234567 என்று வெறும் எண் கிடைக்கும், அது எத்தனை மடங்கு தப்பு என்று சொல்ல ஆளிருக்காது. ஜாவா பக்கம் மிதவை வகையான டபுளைத் தொடவே கூடாது, தசமமாகவே கணக்கிடும் பிக்டெசிமல்தான். அதிலும் வட்டமாக்கல் விதி சொல்லாமல் 1-ஐ 3-ஆல் வகுத்தால் பிழை எறியும், 2.0-உம் 2.00-உம் ஈக்வல்ஸ் ஃபங்ஷனுக்குச் சமமில்லை.

கோபோல் விடையை இலக்கில் வைக்கும்போது, ரவுண்டட் என்று எழுதாதவரை, மிஞ்சிய இலக்கங்களை வெட்டிவிடும். 2-ஐ 3-ஆல் வகுத்து இரண்டு தசமத்தில் வைத்தால் 0.66. "இது தப்பாச்சே" என்று நல்லெண்ணத்தோடு 0.67 ஆக்குகிறவர் லட்சம் கணக்குகளின் மாத வட்டியை மாற்றிவிடுவார். ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் குறிமுறையில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, எண் என்பது வரிசை. ஆஸ்கியில் எண், பெரிய எழுத்து, சிறிய எழுத்து. அறிக்கையின் வரிசை தலைகீழாவது மட்டுமல்ல, அடுக்கிய இரண்டு கோப்புகளை ஒன்றிணைக்கும் நிரல் பதிவுகளைத் தவறவிடும்.

இப்போதெல்லாம் முதல் வரைவைச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளே எழுதித் தருகின்றன. உதவிதான், ஆனால் அவற்றின் தப்பு வேறு ஜாதி. பழைய தானியங்கிக் கருவி அசிங்கமாக, ஆனால் விசுவாசமாக மாற்றும். இவை அழகாக மாற்றும், விசுவாசம் உத்தரவாதமில்லை. பழைய பக்கைக் கேட்காமலே சரிசெய்யும், நீளமான ஃபங்ஷனில் ஓரத்து நிபந்தனை ஒன்றை விழுங்கும், இலக்கு லைப்ரரியில் இல்லாத ஃபங்ஷனை இருப்பதாக அழைக்கும். ஒரு தடவைக்கு ஒரே ஃபங்ஷன், அதன் தரவு வகை அறிவிப்புகளோடு கொடுங்கள். டெஸ்டையும் அதையே எழுதச் சொன்னால் நிரலில் செய்த அதே தப்பை டெஸ்டிலும் செய்துவைக்கும். ஒப்பீடு பழைய நிரல் கொடுத்த பதிவோடுதான் நடக்க வேண்டும்.

எல்லாம் பொருந்திய பிறகும் உடனே பழையதை அணைக்காதீர்கள். உண்மையான உள்ளீட்டை இரண்டுக்கும் அனுப்பி, பழையதன் விடையைப் பயன்படுத்திக்கொண்டு, புதியதன் விடையை ஒப்பிட மட்டும் வையுங்கள். மாதக் கடைசி, ஆண்டுக் கடைசி போன்றவற்றில் மட்டும் ஓடும் கிளைகள் இருந்தால் அந்த நாள்கள் கடக்கும்வரை. மாற்றும்போது கண்ணில்பட்ட பழைய பக்குகளை ஒரு கோப்பில் எழுதிவைத்திருப்பீர்கள். புதிய நிரல் பொறுப்பேற்ற பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனி கமிட்டாகச் சரிசெய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதிவு வெளியீடு எப்படி மாறியது என்ற குறிப்போடு. பழைய நிரலை அதன் கம்பைலர், லைப்ரரி பதிப்புகளோடு சேர்த்து ஓடும் நிலையிலேயே ஒரு கன்டெய்னரில் போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது ஒரு பழைய அறிக்கையைக் கொண்டுவந்து "இந்த 66 காசு எப்படி வந்தது" என்று கேட்பார்கள்.